பச்சை இலை ஹோட்டலும் லாண்டரித் தண்ணீரும்

ஒரு காட்டில் ஒரு ஹோட்டல் இருந்தது. அதற்கு முன்னால் அந்த இடத்திலும் காடுதான் இருந்தது. காட்டைப் பார்க்க வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள் என்று யாரோ கவலைப்பட்டு, காட்டில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டி ஹோட்டலைக் கட்டிவிட்டார்கள். வந்தவர்கள் அறைக்குள் உட்கார்ந்து, வெட்டாமல் விட்ட மீதிக் காட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சு பட்டுக் கண்ணாடி மங்கினால் துடைக்க ஆள் இருந்தது.

ஹோட்டலுக்குப் பெயர் இலைக்கூடு. கூரை கான்கிரீட்.

தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் தூர தேசத்துப் பறவைகள். கூழைக்கடாக்கள் குடும்பத்தோடு வரும். பூநாரைகள் தனிமை தேடி வந்து, தனிமை போரடிக்கிறது என்று புகார் சொல்லும். வேலை பார்க்கிறவர்கள் உள்ளூர் மிருகங்கள். இத்தனை பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஹோட்டலில் ஒரு சட்டம் உண்டு. காம்பவுண்டுச் சுவருக்குள் யாரும் யாரையும் சாப்பிடக் கூடாது. சுவருக்கு வெளியே அவரவர் பசி, அவரவர் பாடு.

லாண்டரிக்குப் பொறுப்பு செங்கமலம் என்கிற நீர்நாய். நீர்நாய் தவளையைத் தின்னும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். எழுதியவர் ஹோட்டல் லாண்டரியில் வேலை பார்த்திருக்க மாட்டார். நாள் முழுக்கப் பெட்ஷீட் பிழிந்துவிட்டு வீட்டுக்குப் போகிற நீர்நாய்க்கு யாரையும் துரத்தத் தெம்பு இருக்காது. ஸ்டாஃப் மெஸ்ஸில் கொடுத்த மீன் குழம்பு ஏப்பத்தோடு குப்புறப் படுக்கும். அந்தத் தைரியத்தில்தான் அவள் வளைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணி என்ற தவளை குடும்பத்தோடு குடியிருந்தார். உப்பு, புளி கடன் வாங்காத குறைதான்.

அவர்கள் இருந்தது ஹோட்டலுக்குக் கீழே, சுவருக்கு வெளியே இருந்த குட்டையில். முன்பு அந்த வழியாக ஓடை போனது. ஹோட்டல்காரர்கள் மேலே கல்லணை கட்டி ஓடையை நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கீழே வந்த ஒரே தண்ணீர் லாண்டரியில் துவைத்து வெளியே விடுகிற தண்ணீர். ஒரு குழாய் சுவரைத் தாண்டி வந்து அதைக் குட்டையில் கொட்டும். செங்கமலம் பூந்திக்கொட்டை போட்டுத்தான் துவைப்பாள் என்பதால் அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒன்றே ஒன்று, குட்டைத் தவளைகள் கத்தினால் வாயிலிருந்து குமிழி வரும். பழகிவிட்டது. பெரிய குமிழி விடுகிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கப் போட்டிகூட நடந்தது.

ஹோட்டலின் மேலாளர் சந்திரகாசன் என்கிற மயில். அந்தக் கோடையில் அவர் அடுத்த காட்டில் நடந்த மேலாளர்கள் கூட்டத்துக்குப் போனார். அங்கே எல்லா ஹோட்டல் வாசலிலும் பித்தளையில் செய்து பச்சை அடித்த ஓர் இலை மாட்டியிருந்தது. சுற்றுச்சூழலைக் காக்கிற ஹோட்டலுக்குக் கொடுக்கிற பட்டயம் அது. இலைக்கூட்டில் இல்லாத ஒரே இலை. திரும்பி வருகிற வழி முழுக்க அவர் தோகையை விரிக்கவே இல்லை என்று கூடப் போன கருமந்தி வந்து சொன்னது.

மறுநாள் புல்வெளியில் எல்லோரையும் கூட்டி, நாம் அனைவரும் ஒரு குடும்பம் என்று ஆரம்பித்தார். ஊழியர்களுக்கு அந்த வார்த்தை ஏற்கெனவே பழக்கம். போன தடவை குடும்பம் என்று அவர் சொன்னபோது வாராந்திர லீவு போயிருந்தது.

இந்தத் தடவை அப்படி ஒன்றும் இல்லை. காட்டில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, அதை நாம் சேமிக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு குளியலறையிலும் ஓர் அட்டை வைக்கப்படும். டவலைக் கொடியில் போட்டால், விருந்தினர் அதையே மறுபடி உபயோகிக்கிறார் என்று அர்த்தம், தொடக் கூடாது. தரையில் போட்டால் துவைக்க எடுக்கலாம். கொடியில் கிடக்கிற டவலை எடுத்துத் துவைக்கிறவர் காட்டுக்கே துரோகி. எல்லோரும் வலது முன்னங்காலைத் தூக்கி உறுதிமொழி எடுத்தார்கள். ஆளுக்கொரு துணி இலை நெஞ்சில் குத்தப்பட்டது. முள்ளம்பன்றிக்கு மட்டும் ஊசி தேவைப்படவில்லை.

சேமித்த தண்ணீரை என்ன செய்வது என்பதற்கும் அவர் வழி வைத்திருந்தார். ரிசப்ஷனில் ஓர் அருவி. அது கொட்டி, வழிந்து, வெளியே போய்ப் புல்வெளியில் ஊறும். பக்கத்தில் 'நாங்கள் சேமித்த தண்ணீர்' என்று ஒரு பலகை.

யாரும் எதிர்க்கவில்லை. சேதுராசு என்கிற கீரிதான் அறைகளைச் சுத்தம் செய்கிறவன். கொடியில் கிடக்கிற டவலைப் பார்த்ததும் அவனுக்குச் சீட்டி அடிக்கத் தோன்றியது. செங்கமலத்துக்கோ இடுப்பு வலி. துவைக்காதே என்று ஒருவர் சொன்னால் காலில் விழுந்து கும்பிடத்தான் தோன்றும். விருந்தினர்களும் சொன்னபடி கேட்டார்கள். ஒரு டவலைக் கொடியில் போட்டுவிட்டு, காட்டையே தூக்கி நிறுத்திய களைப்பில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துக் குளித்தார்கள்.

கொஞ்ச நாள் போனது. ஒரு சாயங்காலம் செங்கமலம் வீட்டுக்குத் திரும்பியபோது, மாசிலாமணி அவள் வளை வாசலில் காத்திருந்தார். அவர் கத்தினார். குமிழி வரவில்லை.

"ஏன் தங்கச்சி, உங்க ஹோட்டல்ல இப்ப யாரும் குளிக்கிறதே இல்லையா?"

குளிக்கிறார்கள், துவைப்பதுதான் இல்லை என்று அவள் விளக்கினாள். இலையைக் காட்டினாள். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்றாள். மாசிலாமணி இலையைப் பார்க்கவில்லை. குட்டைப் பக்கம் திரும்பி, பார் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

போன வாரம் செங்கமலம் நின்று முகம் கழுவிய கல், இப்போது கரையில் காய்ந்து கிடந்தது. நடுவில் மிஞ்சிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள் மொய்த்தன. மாசிலாமணியின் பிள்ளைகள், அவர் தம்பிகளின் பிள்ளைகள், யாருடையவை என்று யாருக்கும் தெரியாத பிள்ளைகள். எல்லாம் தலையும் வாலுமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. கால் முளைக்கும் வரை அவை தண்ணீரில்தான் இருந்தாக வேண்டும். கால் வந்தால் குதித்து எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும். அதற்குள் குட்டை வற்றினால், அவ்வளவுதான்.

"நான் வேணும்னா எங்கயாச்சும் போயிடுவேன். எனக்குக் கால் இருக்கு" என்றார் மாசிலாமணி.

மறுநாள் செங்கமலம் நேராக மேலாளரிடம் போனாள். உள்ளதைச் சொன்னாள். லாண்டரியில் தண்ணீர் ஓடினால்தான் குட்டைக்குத் தண்ணீர், கால் முளைக்கிற வரைக்கும் பழையபடி துவைக்கிறேன் என்று கேட்டாள். சந்திரகாசன் அக்கறையோடு கேட்டுக்கொண்டார். அந்தக் குட்டை சுவருக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று விசாரித்தார். வெளியே என்றாள்.

"அப்படின்னா அது சுற்றுச்சூழல்ல வராதும்மா" என்றார். "பட்டயக் குழு சுவர் வரைக்கும்தான் பார்ப்பாங்க. அதுக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து."

தண்ணீரைச் சேமிப்பதே அப்படிப்பட்ட உயிர்களுக்காகத்தான் என்றும் சொல்லி, அருவியைக் காட்டி அனுப்பிவைத்தார். அருவி நன்றாகத்தான் இருந்தது. கீழே புல்வெளி பச்சைப் பசேலென்று ஊறிக் கிடந்தது.

செங்கமலம் லாண்டரிக்கு வந்து காலித் தொட்டியைப் பார்த்தாள். சேதுராசுவைக் கூப்பிட்டாள். டவல் கொடியில் கிடந்தால்தானே தொடக் கூடாது, தரையில் கிடந்தால் என்ன என்று கேட்டாள்.

சேதுராசுவுக்கு விளங்குவதற்கு நேரமாகவில்லை. "அக்கா, கொடியில இருக்குறது தரைக்கு வர எவ்வளவு நேரம்? என் வாலு பட்டாலே விழுந்துரும்" என்றான்.

அன்றிலிருந்து அவன் வால் எல்லா டவல் மேலேயும் பட்டது. விஷயம் சமையல்காரர் பேச்சிமுத்து என்கிற கரடிக்கும் எட்டியது. அன்று மதியமே மேசை விரிப்புகளில் ரசம் கொட்டத் தொடங்கியது. கருமந்திக்குக் கீழே தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் எல்லோரும் செய்கிறார்களே என்று சேற்றுக் காலோடு சோபா உறைமேல் ஏறி நின்றது. முள்ளம்பன்றி தலையணை உறைகளை மாற்றும்போது ரொம்ப ஆசையாகக் கட்டிப்பிடித்தது. நெஞ்சில் இலை குத்திய அத்தனை பேரும் காட்டுக்குத் துரோகம் செய்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. குட்டையில் குமிழி கிளம்பியது.

விருந்தினர்களின் நிலைமைதான் வினோதம். கொடியில் டவலைப் போட்டுவிட்டு வெளியே போன பூநாரை, திரும்பி வந்தால் புது டவல், வெயில் வாசனையோடு, மடிப்பு கலையாமல் இருக்கும். அதற்கு ஒரு பக்கம் மனச்சாட்சி உறுத்தும். ஆனால் முகம் அந்த டவலில் புதைந்திருக்கும். நாங்கள் வேண்டாம் என்றாலும் விடாமல் உபசரிக்கிறார்கள் என்று போகும்போது எல்லோரும் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

சந்திரகாசனுக்குத் தலை சுற்றியது. அருவி மெலிந்துகொண்டே போனது, பாராட்டு பெருகிக்கொண்டே வந்தது. அட்டையைப் பெரிதாக்கினார். உறுதிமொழியை வாரம் ஒரு முறை வைத்தார். இலையையும் பெரிதாக்கினார், சேதுராசுவுக்கு முழங்கால் வரை தொங்கியது. பயன் இல்லை. கடைசியில், ஹோட்டல் ஊழியர்கள் பசுமை இலக்குக்கு விரோதமாக ஏன் நடக்கிறார்கள் என்பதையே ஆராய்கிற ஒரு முனைவரை வரவழைத்தார்.

முனைவர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றே படித்துப் பட்டம் வாங்கியவர். வந்த அன்றே மெனுவைப் பார்த்து, பசுமை ஹோட்டலில் மீனா என்று முகம் சுளித்து, எல்லோருக்கும் இனிமேல் முளைகட்டிய பயறு என்று மாற்றச் சொன்னார். பேச்சிமுத்து குனிந்து சரி என்றது. தனக்கும் அதுதான் என்பதை முனைவர் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு ஊழியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். சேதுராசு, பழக்கம்தாங்க காரணம் என்றான். பேச்சிமுத்து, யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றது. முள்ளம்பன்றி, விருந்தினர் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம் என்றது. கருமந்தி கொஞ்சம் துணிந்து, மேலாளர் தோகைக்குத் தினமும் தனியாக ஷவர் ஓடுதே, அதைப் பார்த்து மனசு விட்டுப்போச்சு என்றது. முனைவருக்கு மிகுந்த சந்தோஷம். இதே காரணங்களைத்தான் அவர் எல்லா ஹோட்டலிலும் கண்டுபிடித்திருந்தார்.

கடைசியாகச் செங்கமலம் வந்தாள். அவளுக்குப் பொய் சொல்லக் கூச்சமாக இருந்தது. இவர் படித்தவர், சொன்னால் புரியும் என்றும் ஒரு நப்பாசை.

"கீழ ஒரு குட்டை இருக்கு சார். அதுக்குத் தண்ணி போகணும். அதான்."

முனைவர் கழுத்தை வளைத்து அவளைப் பார்த்தார். இந்தப் பதில் இதுவரை எந்த ஹோட்டலிலும் வந்ததில்லை என்றார். வராத பதிலை எங்கே சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்களுக்கு விழிப்புணர்வு குறைவு என்று வைத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

முனைவர் சொன்ன தீர்வு ஒரு வரிதான். ஊழியர்களைத் திருத்த முடியாது, ஆகவே குழாயைத் திருத்த வேண்டும். லாண்டரித் தண்ணீரைச் சுத்தப்படுத்தி அருவிக்கே திருப்பி ஏற்றிவிட்டால், எவ்வளவு துவைத்தாலும் சுவரைத் தாண்டி ஒரு சொட்டு போகாது. குட்டைக்குப் போகிற குழாயை நிரந்தரமாக அடைத்துவிடலாம். பட்டயக் குழு வந்து இறங்குகிற அன்று அவர்கள் கண்ணெதிரே அடைத்தால் எடுப்பாக இருக்கும். சந்திரகாசன் தோகையை விரித்தார், பல நாள் கழித்து.

பட்டயக் குழு என்பது இரண்டு ஆமைகள். எப்போதோ கிளம்பிவிட்டார்கள். கருமந்தி உயரமான மரத்தில் ஏறிப் பார்த்து, மூங்கில் புதரைத் தாண்டிவிட்டார்கள் என்று சொன்னது. செங்கமலம் அன்று குட்டைக்கு ஓடினாள். மாசிலாமணி ஒரு பிள்ளையைத் திருப்பிப் பார்த்தார். பின்னங்கால் இடத்தில் மொட்டு மாதிரி இரண்டு புள்ளி. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இலைக்கூட்டில் யாருக்கும் வேறு பேச்சு இல்லை. ஆமை முந்துமா, கால் முந்துமா என்பதுதான். ஆமைகள் பாறையை எட்டினார்கள். பின்னங்கால் வந்தது, ஆனால் மடங்கவில்லை. பேச்சிமுத்து விருந்தோம்பல் என்று சொல்லிக்கொண்டு, வழியெல்லாம் இளம் கீரையைப் பரப்பிவிட்டு வந்தது. ஆமைகள் நின்று தின்றார்கள், தின்றுவிட்டுத் தூங்கினார்கள், விழித்து மறுபடி தின்றார்கள். பசுமையான வரவேற்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதைக் கருமந்தி காதால் கேட்டது. முன்னங்காலுக்கான புடைப்பு தெரிந்தது. ஆனால் கீரைக்கும் ஒரு முடிவு உண்டே. சமையலறையில் கட்டு காலியானது. ஒரு மத்தியானம் ஆமைகள் ஹோட்டல் வாசலுக்கு எதிரே உள்ள மேட்டில் ஏறிவிட்டார்கள். மறுநாள் விழா. தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் மட்டும் இருந்தது. முன்னங்கால் இல்லை, வால் முழுசாக இருந்தது.

செங்கமலத்துக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அழுக்கானது, அழுக்காகாதது எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்தாள். சந்திரகாசனின் திரைச்சீலைகளைத் துவைத்தாள். சொல்லப்போனால், உறுதிமொழி எழுதிய துணிப் பதாகையையும் துவைத்தாள். எழுத்து போய்விட்டது.

அதே மத்தியானம் முனைவர் கொக்கு சுவரைத் தாண்டி வெளியே போனார். குழாய் எங்கே போய் விழுகிறது என்று ஆராய்வதற்காக என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் வந்த நாளிலிருந்து அவர் தின்றது பயறு. இரவில் தூக்கத்தில் மீன் மீன் என்று முனகுவதாகச் சேதுராசு எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

குட்டையைப் பார்த்ததும் அவருடைய இன்னொரு காலும் தானாகக் கீழே இறங்கியது.

மாசிலாமணி கரையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஓடியிருக்கலாம். ஓடினால் பிள்ளைகளுக்கும் கொக்குக்கும் நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"வாங்க சார்" என்றார். "ஆராய்ச்சிங்களா, சாப்பாடுங்களா?"

முனைவர் எச்சிலை விழுங்கினார்.

"சாப்பாடுதான்னா, என் பேச்சைக் கொஞ்சம் கேளுங்க. இப்ப இதுங்க வெறும் தலையும் வாலும். வாயில போட்டா தண்ணி குடிச்ச மாதிரி இருக்கும், பூந்திக்கொட்டை வாசனை வேற. முழுசாக் கால் முளைக்கட்டும். தொடையில சதை பிடிக்கட்டும். அப்புறம் வந்து பாருங்க, வருசம் பூரா உக்காந்து சாப்பிடலாம்."

பெற்ற பிள்ளைகளைப் பற்றி இப்படிப் பேசும்போது மாசிலாமணியின் குரல் ஆடவில்லை. குமிழி மட்டும் வரவில்லை.

முனைவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். கணக்குப் போட்டார். எப்போது முளைக்கும் என்று கேட்டார்.

"தண்ணி இருந்தா சீக்கிரம் முளைக்கும். தண்ணி அந்தக் குழாயிலதான் வருது. நாளைக்கு அதை அடைக்கப்போறதாக் கேள்வி. அடைக்கச் சொன்ன மகராசன் யாரு சார்?"

வேலைக்கு எடுத்த இடத்தின் இலக்குக்கு விரோதமாக ஒரு பிராணி ஏன் நடந்துகொள்கிறது என்பதை முனைவர் அத்தனை நாள் தலையால் ஆராய்ந்தவர். அன்றுதான் அது அவருக்கு வயிற்றில் விளங்கியது.

மறுநாள் விழா. புல்வெளியில் பந்தல். ஆமைகளுக்கு மாலை போட்டார்கள், கழுத்து உள்ளே போனதும் மாலை விழுந்தது, மறுபடி போட்டார்கள். குழாய் வாயில் ரிப்பன் கட்டியிருந்தது. அடைப்பதற்கு ஒரு கல்லை மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். செங்கமலம் கூட்டத்தின் ஓரத்தில் ஈரக் கையோடு நின்றாள். கல்லைத் தூக்கச் சந்திரகாசன் குனிகிற நேரத்தில் முனைவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்னத் திருத்தம்" என்றார். இந்தக் குழாயில் போவதைக் கழிவு நீர் என்று நாம் இத்தனை நாள் தவறாக நினைத்துவிட்டோம் என்றார். இது சாதாரணத் தண்ணீர் அல்ல, கீழ்நில ஈரப்பத வளர்ப்புத் திட்டம். இப்படி ஒரு திட்டத்தை எந்தக் காட்டிலும் எந்த ஹோட்டலும் நடத்தவில்லை. இதை அடைப்பது போல ஒரு பாவம் கிடையாது.

சந்திரகாசன் குனிந்தபடி ஒரு கணம் அப்படியே இருந்தார். நிமிரும்போது தோகை முழுக்க விரிந்திருந்தது. இந்தத் திட்டம் தன் நெடுநாள் கனவு என்று தழுதழுத்தார். சுவருக்கு வெளியேயும் நம் குடும்பம்தான் என்றார். பெரிய ஆமை தலையை உள்ளே இழுத்து யோசித்தது. கூட்டம் காத்திருந்தது. பந்தல் நிழல் நகர்ந்தது. தலை வெளியே வந்து ஆடியது. பச்சை இலையை வாசலில் மாட்டினார்கள்.

செங்கமலம் லாண்டரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு அந்த ஈரத்தையும் ஒரு டவலில் துடைத்துத் தொட்டியில் போட்டாள்.

ஆக, இலக்கு தலைகீழாக மாறியது. அறைகளில் புது அட்டை வந்தது: 'தயவுசெய்து டவலைத் தரையில் போடுங்கள். ஒரு தவளைக்குக் கால் முளைக்கும்.' கூழைக்கடாக்கள் குடும்பத்தோடு டவல்களைத் தரையில் வீசின. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. உபயோகிக்காத டவலையும் ஒரு புண்ணியத்துக்கு வீசின. எல்லாவற்றையும் தினமும் துவைக்க வேண்டும், துவைக்காமல் மடிக்கிறவர் காட்டுக்கே துரோகி என்று உறுதிமொழி வாசகம் மாறியது. தூக்கிய முன்னங்கால் அதேதான்.

குட்டை நிறைந்தது. முன்னங்கால்கள் வந்தன. வால் சுருங்கியது. ஒரு நல்ல மழைக் குளிர் காலையில் அத்தனையும் கரையேறின. செங்கமலம் வேலைக்குக் கிளம்பியவள் நின்று பார்த்தாள். விரல் நகம் அளவுத் தவளைகள் அவள் காலைத் தாண்டித் தாண்டிக் குதித்துப் போயின. ஒன்றுகூட அவளை யார் என்று பார்க்கவில்லை. வாலோடு சேர்ந்து ஞாபகமும் போய்விடும்போல. போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மாசிலாமணி மட்டும் நின்று, கொக்கு வருவதற்குள் நாங்கள் கிளம்புகிறோம் தங்கச்சி என்றார். எங்கே என்று கேட்டாள். அவர் மேலே, சுவரைக் காட்டினார்.

"உள்ளே போயிட்டா யாரும் யாரையும் சாப்பிடக் கூடாதாமே."

குட்டை காலியானது. ஆனால் உத்தரவு காலியாகவில்லை. தினமும் மலையளவு டவல் வந்தது. யாருக்காக என்று கேட்டால் திட்டத்துக்காக என்றார்கள். செங்கமலத்தின் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சேதுராசு, தரையில் கிடந்த உலர்ந்த டவலை எடுத்து, உதறி, மடித்து, கொடியில் போட்டுவிட்டு வந்தான். கண்ணைச் சிமிட்டினான். மறுநாள் அவளே பெட்ஷீட்டை நனைக்காமல் தேய்த்து அனுப்பினாள். பேச்சிமுத்து ரசத்தை ஊற்றும்போது கையை நிதானமாக வைத்தது. கருமந்தி காலைத் துடைத்துவிட்டு ஏறியது. பழையபடி எல்லோரும் துரோகிகள் ஆனார்கள்.

இதற்குள் தவளைகள் ரிசப்ஷன் அருவியில் குடியேறிவிட்டன. அருவிக் குழாயின் வாயில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்ததால் அருவி சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. கிளப்ப வழியில்லை. பட்டயத்துக்குச் சாட்சியே அவைதானே. சந்திரகாசன் அவற்றுக்கும் இலை குத்தி, இயற்கை இசைக்குழு என்று வேலையில் சேர்த்துவிட்டார். லாண்டரிக்கும் தண்ணீர் போகவில்லை, அருவிக்கும் போகவில்லை. அணையில் தண்ணீர் ஏறி, ஒரு நாள் கல்லின் மேல் வழிந்து, பழைய ஓடைத் தடத்தில் இறங்கிக் கீழே போனது. யாரும் சேமிக்காத, யாரும் துவைக்காத தண்ணீர். செங்கமலம் வீட்டுக்குப் போகிற வழியில் அதில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பூந்திக்கொட்டை வாசனை இல்லை. அவளுக்கு அது ஏதோ குறைவது போலவும் இருந்தது.

ஊழியர்கள் ஏன் துவைக்க மறுக்கிறார்கள் என்று ஆராயச் சந்திரகாசன் முனைவர் கொக்கை மறுபடி அழைத்தார். அவர் பறந்து வந்தார். நேராகக் குட்டைக்குத்தான் போனார். தண்ணீர் ததும்பிக் கிடந்தது. ஒரு தொடைகூட இல்லை. களைத்துப் போய் ஹோட்டலுக்குள் வந்து உட்கார்ந்தார். பேச்சிமுத்து ஒரு கிண்ணத்தில் முளைகட்டிய பயறு கொண்டுவந்து வைத்தது. எதிரே, பாதி நின்ற அருவியில், நெஞ்சில் இலை குத்திய மாசிலாமணி தொடையெல்லாம் தெரியக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார்" என்றார். "ஆராய்ச்சிங்களா, சாப்பாடுங்களா?"

முனைவர் ஒரு காலை மடக்கிக்கொண்டார். "ஆராய்ச்சிதான்" என்றார்.

சேதுராசுவைக் கூப்பிட்டு ஏன் துவைக்க மறுக்கிறீர்கள் என்று கேட்டார். பழக்கம்தாங்க காரணம் என்றான் சேதுராசு.

நீதி: ஊழியர்கள் இலக்கை மீறுகிறார்கள் என்றால் அவர்களைத் திருத்த முயலாதீர்கள், இலக்கைத் திருப்பிப் போடுங்கள். அதையும் மீறுவார்கள், காடு பிழைத்துக்கொள்ளும்.